நாலு விரல் உயரம்

கிடினியா துறைமுகத்தில்
நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
பதினெட்டு வருடமாகப் பாரம் தூக்குகிறேன்.
அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் எள்,
லாரிகள் தீப்பெட்டி.
பால்டிக் கடல் எந்நாளும்
இஸ்திரி காணாத சாம்பல் துணி.

இன்று விடுப்பு.
சமையலறைத் தரையில் கன்னம் ஒட்டப்
படுத்துக் கிடக்கிறேன்.
"அது எந்த உயரத்திலிருந்து பார்க்குமோ
அங்கிருந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்"
என்றார் பூனை டாக்டர் கிங்கா.
நாலு விரல் உயரம்.
ஐம்பத்தொரு வயது முட்டி
ஒப்புக்கொள்ளத்தான் நேரமாயிற்று.

கீழேயிருந்து பார்க்க
என் வீடு வேறு யாருடையதோ போலிருக்கிறது.
ஃபிரிட்ஜ் உறுமுகிறது.
இத்தனை நாள் எப்படிக் கேட்காமலிருந்தேன்?
அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து.
குட்டி நுழைந்தால்
தீயணைப்பு வண்டி வந்துதான் எடுக்க வேண்டும்.
அதற்குள் ஓர் உருளைக்கிழங்கு
முளைத்து, சுருங்கி, காய்ந்து
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
முழு வாழ்க்கையை முடித்திருந்தது.
எடுத்துவிட்டுப் பலகை அடித்தேன்.

வயர்களைக் குழாய்க்குள் திணித்தேன்.
ஏழாவது மாடி ஜன்னலுக்கு மீன்வலை.
வாஷிங் மெஷின் கதவில் ஒரு தாள்:
"மூடுமுன் உள்ளே பார், யத்விகா."
எனக்கு யாரோ கடிதம் போட்டு
ரொம்ப நாளாயிற்று.

லில்லி பூனைக்கு ஆகாதாம்,
மகரந்தத் தூள் பட்டாலே சிறுநீரகம் போய்விடுமாம்.
பிறந்தநாளுக்கு வந்த கொத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க்
கீழ்வீட்டு வித்தோல்டிடம் நீட்டினேன்.
மனிதர் தலைமுடியைத் தடவிக்கொண்டார்,
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
நான் விளக்கம் சொல்வதற்குள்
லிஃப்ட் கதவு மூடிவிட்டது.
மறுநாள் என் வாசலில்
பிளம்பழ ஜாம் ஒரு பாட்டில்.
இந்த விவகாரத்தைப் பிறகு பார்க்க வேண்டும்.

குட்டி பிறந்தது சுங்கக் கிடங்கில்,
பழைய கயிற்றுச் சுருளுக்குள், நான்கில் கடைசி.
காவலாளி மிரேக் தராசில் வைத்துக் காட்டினான்:
தொள்ளாயிரம் கிராம்.
முப்பது டன்னை
முட்டை உடையாமல் இறக்குவேன் என்று
துறைமுகத்தில் எனக்குப் பெயர்.
அந்தத் தொள்ளாயிரம் கிராம் உள்ளங்கைக்கு வந்ததும்
கை நடுங்கியது.
காற்றின் மேல் பழிபோட முடியவில்லை,
கிடங்குக்குள் காற்றே கிடையாது.

தாய்ப்பூனை என்னை ஏற இறங்கப் பார்த்தது.
சுங்கத்திலேயே வளர்ந்த ஜீவன்,
ஆவணம் கேட்கிறது என்று நினைத்தேன்.
என்னிடம் என்ன இருக்கிறது காட்ட?
போட்டிருந்த நீல ஸ்வெட்டரைக் கழற்றி
கயிற்றுச் சுருளில் வைத்துவிட்டு வந்தேன்,
என் வாசனை பழகட்டும் என்று.
பத்து நாளாகக் கூண்டில்
கோட்டுக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு வேலை.

அவர்கள் படுத்திருந்த சாக்கின் ஒரு துண்டை
மிரேக் கத்தரித்துக் கொடுத்தான்.
இப்போது அது என் கூடையில்.
குனிந்து முகர்ந்தேன்:
தார், மத்தி மீன், புளித்த பால்.
இன்னொரு தரம் முகர்ந்தேன்.
யார் யாருக்குப் பழகுகிறோம் என்று தெரியவில்லை.

நாளை மதியம் டிராலிபஸ்ஸில்,
மடியில் பெட்டியோடு, ஒன்பது நிறுத்தம்.
பெயர் இன்னும் வைக்கவில்லை,
அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைக்க வேண்டும்.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
விளக்குப் போடவில்லை.
தரையோடு பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன்,
இன்னும் வராத ஒன்றை
மிதித்துவிடக் கூடாதென்று.