இருபது இழைகள்

ஸ்பிரிங்வேலில், மீன்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே
ஒடுங்கி நிற்கும் அந்தக் கடையில்
வயர் உரிக்கும் கருவிகள் ஒரு சுவர் முழுக்கத் தொங்குகின்றன.
நான் பையைத் திறந்து மேசையில் வைப்பது
செத்த கேபிள் ஒன்றை.
நாலு மீட்டர். கறுப்பு. என் கைவேலை.

லான் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள்
முதலில் எடுத்தது தானே அளவு பார்க்கும் ரகம்:
வாயில் வைத்தால் போதும், கடித்து இழுத்துத் துப்பிவிடும்.
எண்பத்திநாலு டொலர்.
கொண்டுபோன துண்டில் செய்து பார்த்தேன்.
ரப்பர்த் தோல் சூயிங்கம் மாதிரி நீண்டு
மனசு மாறித் திரும்பிப் போனது.

அடுத்தது சுழலும் கத்தி.
டிவி ஆன்டெனா வயருக்கு நல்லது, என்றாள்.
உள்ளே பஞ்சுநூலும் பின்னிய செம்பும் கிடக்கும் மைக் வயருக்கு?
தோளைக் குலுக்கினாள்.
எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

மூன்றாவது வெறும் குறடு. பத்தொன்பது டொலர்.
அலகில் ஆறு ஓட்டை, ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்.
அது எதையும் ஊகிக்காது.
உன் வயரின் தடிப்பு உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை, இந்தக் கேபிளைச் செய்த நாளில்.
சமையலறைக் கத்தரிக்கோல், அவசரம், கொஞ்சம் முன்பல்.

டண்டினோங் மண்டபம். இருநூற்றுப் பத்துக் கதிரை.
மனைவியைப் பற்றிப் பேச எழுந்தார் குணபாலசிங்கம்.
தாங்கியில் இருந்து மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தார்.
கேபிளின் கழுத்து ஒரே ஒரு தரம் வளைந்தது.

பதினொரு வினாடி.
அவர் உதடு அசைந்தது.
பெட்டிகளில் ஐம்பது ஹெர்ட்ஸ் முனகல் மட்டும்.
முன்வரிசைக்குக் கேட்டிருக்கிறது;
ஒரு பெண் வாயைப் பொத்தினாள்,
அழவா சிரிக்கவா என்று என் இடத்தில் இருந்து தெரியவில்லை.
நான் பின்னால், இரண்டு காதையும் ஹெட்போனால் மூடிக்கொண்டு.
அந்த மண்டபத்தில் ஒரு சொல்லுக்கும் வழியில்லாதவள்
சத்தத்துக்குப் பொறுப்பான நான்தான்.

மூன்று கிழமை கழித்து அழைத்தார். குறை சொல்ல அல்ல.
"ரெக்கோர்டிங் இருக்கா பிள்ளை?
அந்த இடத்தில என்ன சொன்னனான் எண்டு எனக்கு ஞாபகமில்லை.
கேட்ட ஆக்கள் ஆளுக்கொண்டு சொல்லினம்."
ரெக்கோர்டிங்கும் அதே வயர் வழியாகத்தான் போனது.
அனுப்பினேன்,
முனகலை வெட்டாமல்.

அன்றிரவுதான் கழுத்தைப் பிளந்து பார்த்தேன்.
வெள்ளை வயருக்குள் இருபது செம்பிழை இருக்க வேண்டும்.
பதினாறு, நான் உரித்த வட்டத்திலேயே அறுந்து கிடந்தன.
மிச்சம் நாலு
இரண்டு வருஷமாக
கலியாணங்களையும் பரிசளிப்புகளையும்
கார் தரிப்பிடம் பற்றிய ஒரு நீண்ட சண்டையையும்
ஒருத்தருக்கும் சொல்லாமல் சுமந்திருக்கின்றன.

பத்தொன்பது டொலரை நீட்டுகிறேன்.
"மற்றது வேகம்," என்கிறாள் லான்.
தெரியும், என்கிறேன்.

கராஜில், பூதக்கண்ணாடிக்குக் கீழே எண்ணுகிறேன்.
பதினெட்டு. திரும்ப. பதினேழு.
ஓட்டையை மாற்று. தோல் வர மறுக்கிறது.
கையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடி.
இருபது.
ஒருக்கால் தற்செயலாக இருக்கலாம். திரும்ப. இருபது.

வெளித்தோலுக்கு ஒன்றும் வாங்கவில்லை.
வயரை விரலில் இறுக்கி வளைத்து
சவர பிளேடைத் தொட வைத்தால்
தன் இழுவையிலேயே அது வாய் திறக்கும்.
அழுத்தினால் பின்னலும் போய்விடும்.

ஈயம் உருகிப் பிடித்தது. மூன்று காலுக்கும் மீட்டர் கீச்சிட்டது.
பாயில் நீலமும் வெள்ளையுமாகத் தோல்துணுக்குகள்,
பொறுக்கப் பொறுக்க இன்னும் வருகின்றன.

இந்தச் சனி கீஸ்பரோவில்
ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள்.
ஹெட்போனை
ஒரு காதில் மட்டும் போடுவேன்.