ஒரே பிழை

டப்போவில் செய்திக்கு மூன்று வாசல்:
தாள், வானொலி, டிவி.
கான்பராவில் ஒரு விதியைத் தளர்த்தினார்கள்.
வாசல்கள் அப்படியேதான் இருக்கின்றன.
சாவிக்கொத்துதான் ஒன்றாகிவிட்டது.

நான் இரவில் பக்கம் கட்டுகிறவன்.
தேர்தலுக்கு ஆறு நாள்.
சுயேச்சை வேட்பாளர் ஹாலரன்
சிட்னியிலிருந்து 'ஹோலரன்' ஆக வந்தார்.
ஆற்றுத் தண்ணீர் யாருக்கு விற்றது
என்று அவர் கேட்டது நான்கு வரி;
அதில் இரண்டு டயர் விளம்பரத்துக்குப் போயிற்று.

பெயரையாவது திருத்தினேன்.
"தொடாதே, பதினோரு ஊருக்கும் அதே பக்கம்"
என்றது தொலைபேசி.

விடிந்ததும் கார் வானொலியில் ஹோலரன்.
பெட்ரோல் பங்க் டிவியில்,
அடியில் ஓடும் எழுத்தில், ஹோலரன்.

கடை வரிசையில் எனக்கு முன்னால்
பால் புட்டியோடு அவரே நின்றார்.
"நீங்கள் ஹோலரன்தானே?" என்றாள் காசாளர்.

சில்லறையை எண்ணிக்கொண்டே
ஆமாம் என்றார்.