ஹோல்டான்

டிரம் டெஸ்ட்டில் மூன்று முறை தோற்றவள் நான்.
இரண்டு நீல டிரம்முகளுக்கு நடுவே
பின்னால் போய் நிற்கத் தெரியாமல்
ஒவ்வொரு தடவையும் ஒன்றை உருட்டிவிட்டேன்.
நான்காம் தடவை போலீஸ்காரர் தலையை ஆட்டியது
பாஸ் என்பதற்கா, தூக்கம் வந்ததாலா
என்று இன்னாசிக்கு இன்றும் சந்தேகம்.

வெள்ளிக்கிழமைப் பூசையைக் கடன் சொல்லிவிட்டு
விடியுமுன் ருவியிலிருந்து கிளம்பினோம்.
நகரம் தாண்டி நான் ஓட்டுவது இதுதான் முதல்முறை.
ஜன்னலுக்கு மேலிருக்கும் பிடியை
பித்பித் வரைக்கும் விடவில்லை இன்னாசி.
அப்புறம் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.
அது எனக்குக் கிடைத்த இரண்டாவது லைசென்ஸ்.

இப்ராவில் பெட்ரோல்.
சிப்ஸை நொறுக்கிச் சுருட்டிய பரோட்டா,
காகிதக் கப்பில் கரக்.
அதன்பிறகு மலைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்துவிட
மணல் எழுந்துகொள்கிறது.
பாட்டன் சொத்துபோலச் சாலையில் நின்ற ஒட்டகம்
எங்கள் கொரோல்லாவை ஏற இறங்கப் பார்த்தது.
"ஹாரன் அடிக்காதம்மா, அது யோசிக்குது"
என்றாள் மெல்ரின். ஒன்பது வயது.
காத்திருந்தோம்.

காமிலுக்குத் தெற்கே
தார் முடிந்து நான்காவது பேரீச்சந்தோட்டம்.
அங்கேதான் தம்பி தொபியாஸ்
ஆடுகளுக்குக் குதிரைமசால் வளர்க்கிறான்.
வலை இழுத்த கை, ஆறு வருசமாகப் புல் அறுக்கிறது
என்று அம்மா போனில் மூக்கைச் சிந்துவாள்.
"ஊருக்கு வரச் சொல்லு, நீ சொன்னா கேப்பான்."
சொல்ல வேண்டிய வாக்கியத்தை
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
மத்ராவில் வாங்கிய சூரையில்
குழம்பும் வைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.
"மூணு நாள் மீன்" என்றான்.
எட்டு மாதம் கழித்து அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை.
பிறகு சட்டியை வழித்துத் தின்றான்.

வெயில் தாழ, வாதிக்குக் கூட்டிப்போனான்.
குப்பூஸைப் பிசைந்து உருட்டித் தூண்டிலில் குத்தினான்.
முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு
மீனை விரட்டியது யார் என்று
மெல்ரினோடு மல்லுக்கு நின்றான்.
விரல் நீளத்தில் நாலு அகப்பட்டன.
வாளியில் போட்டு, தோட்டத்துத் தொட்டியில் விட்டான்.
அந்தத் தொட்டி எங்கள் ஹாலைவிடப் பெரியது.
முதலாளி ஹமூது வாசலில் வண்டியை நிறுத்தி
எத்தனை ஆச்சு என்று மட்டும் கேட்டார்.
"அறுபத்தெட்டு."
அவர் தலையசைத்துப் போய்விட்டார்.

"திங்கிறதுக்கு இல்லேன்னா எதுக்குப்பா?"
இன்னாசிக்குக் கணக்கு உதைத்தது.
"இருக்கட்டுமே அத்தான்.
ராத்திரி துள்ளுற சத்தம் கேக்கும்."

பாடம் பண்ணி வந்த வாக்கியம்
என் பல்லிடுக்கிலேயே தங்கிவிட்டது.

கிளம்பும்போதுதான் பார்த்தேன்,
வண்டியைத் திருப்ப இடமில்லை.
ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் பேரீச்சை,
தார் வரைக்கும் பின்னாலேயேதான் போயாக வேண்டும்.
"நான் எடுக்கட்டுமா?" இன்னாசி.
"அக்காவே எடுக்கட்டும். நான் நிக்கேன்லா."

பின்னால் போய் நின்று குரல் கொடுத்தான்.
"வரலாம் வரலாம்...
லேசா ஒடி... போதும்... வரலாம்..."
கண்ணாடிக்குள், பிரேக் விளக்கின் சிவப்பில், அவன் முகம்.
நான் அவனை நோக்கி வர வர
அவன் பின்வாங்கி நடக்கிறான்.
போகிறவளைப் பார்த்து
இரண்டு கையாலும் வா வா என்கிறான்.

முந்நூறு மீட்டர்.
எதுவும் உருளவில்லை.
ஒரு மட்டை மட்டும் கதவை
நீளமாகத் தடவிப் பார்த்தது.

சக்கரத்துக்கடியில் தார் தட்டுப்பட்டது.
"ஹோல்டான்!"
ஜன்னல் பக்கம் வரவில்லை அவன்.
டிக்கியில் இரண்டு தட்டு.
"ரைட்டு."

நான் இன்னும் கியரை மாற்றவில்லை.
கொஞ்சம் பொறுத்து
மறுபடியும் தட்டினான்.