கெடும் நாள்

பன்னிரண்டு லட்சத்துக்குள் என்றால்
வருடத்துக்கு நூறு ரூபாய்தான் அக்கா என்றான்
சூரமங்கலம் இ-சேவை மையத்துப் பையன்.
பன்னிரண்டு லட்சம்!
நான் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள்
திரும்பிப் பார்த்தார்கள்.
போன மாதம் விற்றது நான்காயிரத்து இருநூறு.
அதிலும் அறுநூறு
ரயில்வே காலனி எமில்டா அக்கா
இன்னும் தரவேண்டும்.

தொழிலின் வகை என்று ஒரு கட்டம்.
‘உற்பத்தியாளர்’ என்று தட்டினான்.
கஞ்சமலைப் பக்கம் உருக்காலை நடத்துகிறவர்களும்
அவர்கள் படிவத்தில்
இதே சொல்லைத்தானே எழுதியிருப்பார்கள்.
என்னிடம் இருப்பது
இருபத்தெட்டு லிட்டர் ஓவன்,
கதவு சரியாக மூடாது,
கரண்டிக் காம்பு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

இடத்துக்குச் சான்று கேட்டது.
வீட்டுக்காரர் குருநாதன்
பேனாவைத் திறந்துகொண்டு, திறந்தபடியே,
“முட்டை உண்டா?” என்றார்.
வாடகை ஒப்பந்தம், ஏழாவது பத்தி:
அசைவம் சமைக்கலாகாது.
அவர் பேரன் பிறந்தநாளுக்கு
ஐந்து ரோட்டிலிருந்து வந்த மூன்றடுக்குக் கேக்கில்
எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.
அதைப் பற்றி நான் பேசவில்லை.
சட்டமும் அவர் பக்கம்தான்:
முட்டை சேர்த்தால் பழுப்பு முக்கோணம்.
பச்சைப் புள்ளியோடு நிற்கிறேன் என்று
எழுதிக்கொடுத்தேன்.
தயிரும் சோடா உப்பும்
முட்டை செய்கிற வேலையைச் செய்யும்.
முணுமுணுத்துக்கொண்டு செய்யும்.

எண் வந்தது. பதினான்கு இலக்கம்.
பரிமளகாந்தி, ஏழு எழுத்து.
சரியாக என்னைப்போல் இரண்டு பங்கு.

சேர்மானங்களை எடை இறங்குவரிசையில் எழுதவேண்டுமாம்.
மைதா முதலில், அப்புறம் வெண்ணெய், சர்க்கரை,
ஆகக் கடைசியில், உப்புக்கும் பின்னால்,
ஏற்காட்டு மிளகு.
அதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்பதை எழுத
கட்டம் இல்லை.

நிகர எடையை இவர் பார்த்துக்கொண்டார்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்கு மில்லிகிராம் பார்க்கிற கை.
இருநூறு கிராம் பொட்டலத்தில்
அரை பிஸ்கட்டை உடைத்துப் போட்டு
முள் நேரானதும்தான் நிமிர்ந்தார்.
“உடைஞ்சதை யாருங்க வாங்குவா?” என்றேன்.
“எடை சரி” என்றார்.

கடைசி வரியில் சிக்கிக்கொண்டேன்.
எத்தனை நாளுக்குள் பயன்படுத்தவேண்டும்?
இந்த வீட்டில் எந்த பிஸ்கட்டும்
மூன்றாம் நாளைப் பார்த்ததில்லை.

இருபத்து நான்கை ஒரு டப்பாவில் அடைத்து
பீரோவுக்கு மேல், சூட்கேஸுக்குப் பின்னால் வைத்தேன்.
இரவு பதினொரு மணிக்கு,
பிள்ளை தூங்கியபிறகு, ஸ்டூல் போட்டு ஏறி
நாளைக்கு ஒன்று.
கெட்டுப்போகட்டும் என்று
நானே சுட்டதைக் காத்திருந்து தின்றேன்.

ஐந்தாம் நாள், நொறுக்கு அப்படியே.
ஒன்பதாம் நாள் மழை. காகிதம் நமுத்தது, பிஸ்கட் இல்லை.
பதினோராம் நாள்
இருக்கவேண்டியதில் நான்கு குறைந்தது.
யாழனின் மேலுதட்டில் மிளகுத் துகள்.
“ஆபீசர் வந்து கேட்டா என்னடா சொல்வேன்?”
“நான் இன்னும் சாகலை, அதை எழுதிக்கோம்மா.”
பன்னிரண்டு, பதிமூன்று
எழுத மறந்துவிட்டேன். தின்ன மறக்கவில்லை.
பதினெட்டாம் நாள்
வெண்ணெய் லேசாகப் பழைய துணி வாசம்.
இல்லவே இல்லை என்றார் இவர்.
பட்டறை வெங்காரம் ஏறிய மூக்கு,
அதை நம்பி அச்சடிக்க முடியாது.

பதினைந்து நாள் என்று போட்டேன்.
மீந்த இரண்டை
சட்டத்துக்கு வெளியே, இருட்டில், ஆளுக்கொன்றாக
நானும் இவரும் தின்றோம்.
நன்றாகத்தான் இருந்தது என்பதை
எங்கும் எழுதவில்லை.

முதல் லேபிள் ஒட்டிய பொட்டலம்
எமில்டா அக்காவுக்கு.
கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தாள்:
பச்சைப் புள்ளி, பதினான்கு எண், தேதி.
“கம்பெனிக்காரி ஆயிட்டியே!
பதினைஞ்சு நாளா? சாயங்காலம் தாங்காது.”
பையில் போட்டுக்கொண்டு
“கணக்குல வச்சுக்கோ” என்றாள்.

அறுநூறு, இப்போது எழுநூற்று ஐம்பது.
எத்தனை நாளில் கெடும் என்று
கடன்மேலும் அச்சடிக்கச் சொல்லி
விதி ஏதாவது இருக்கிறதா என்று
அந்தப் பையனைத்தான் கேட்கவேண்டும்.