பன்னிரண்டாயிரம் லிட்டர்

லலித்பூரில் அந்தக் கல்குழிக்கு இருபத்திரண்டு படி.
நான் இறங்கியதே இல்லை.
மேலே டேங்கரை நிறுத்தி ஹாரன் அடித்தால்
பெண்கள் நீல கேன்களோடு வந்துவிடுவார்கள்.

இன்றைக்குச் சிதி நக்க,
ஊற்றுகளைத் தூர்வாரும் நாள்.
சேற்றை அலசக் குழாயைக் கீழே கொண்டுவரச் சொன்னாள்
அஷ்டமாயா.
அப்போதுதான் பார்த்தேன் உன்னை, பகீரதா.

முழங்கை உயரம்தான் நீ.
மகரத்தின் வாய்க்குள் ஓர் ஆட்டுத் தலை,
ஆட்டின் வாயில் குருவிக்கூட்டு வைக்கோல்.
அதன் அடியில் நின்று
சங்கை உதட்டில் வைத்துக் கன்னம் உப்பியிருக்கிறாய்.
ஊதி முடிக்கவில்லை இன்னும்.

நமக்கு ஒரே தொழில்.
உனக்கு ஒற்றைக் காலில் தவம்,
எனக்குக் கோதாவரி அடிவாரத்தில்
விடிகாலை மூன்று மணிக்கு வரிசை, கையில் சீட்டு.
உன் பின்னால் கங்கை நடந்து வந்தாளாம்.
என் பின்னால் வருவது ஒவ்வொரு வளைவிலும் தளும்பி
என் முதுகைப் பள்ளத்தை நோக்கித் தள்ளும்.
நீ அழைத்து வந்தது சாம்பலான அறுபதாயிரம் பேருக்கு.
என்னுடையது சாகாதவர்களுக்கு:
பல் டாக்டரின் மாடித் தொட்டி,
மோமோ கடை,
அஷ்டமாயாவுக்கு இரண்டு கேன், பாதி கடன்.

வழியில் ஒரு முனிவர்
அவளை அப்படியே குடித்துவிட்டார் என்பார்களே,
அதை மட்டும் முழுசாய் நம்புகிறேன்.
தெருமுனை ஹோட்டலுக்கு
அஸ்திவாரம் தோண்டிய வருஷம்
வறண்டது இந்த ஆட்டின் வாய்.
முனிவராவது காது வழியே திருப்பித் தந்தார்.

சேறு வந்தது. மெழுகு வந்தது.
ஒற்றைச் செருப்பு, யாருடையதோ சிம் கார்டு.
தேங்காய் நாரால் உன் பாதம் தேய்த்தவள்
சட்டென்று நிறுத்தினாள்.
குதிகாலுக்குப் பின்னே ஈரம்.
துடைத்தாள்.
மறுபடி ஈரம்.

மகரத்தின் வாயை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தோம் இத்தனை நாள்.

டம்ளர் வைத்தார்கள்.
யாரும் பேசவில்லை. பூர்ண காஜி மட்டும் இருமினார்.
நிறைய நாற்பது நிமிஷம்.
கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை எனக்கு:
என் டேங்கர் நிறைய
மூன்று வருஷம் எட்டு மாசம்.

இன்று யாரிடமும் காசு வாங்கவில்லை
என்று சொல்ல ஆசைதான்.
வாங்கினேன். டீசல் இருக்கிறது, தவணை இருக்கிறது.

குழாயைத் திறந்தபோது மட்டும்
சங்கின் மேல் பீச்சாமல்
கையால் மறைத்துக்கொண்டேன்.
ஊதிக்கொண்டிருக்கிறாயே.