காப்புறுதி

தாப்பா நீதிமன்றத்தில்
மலாயில் படித்ததைத் தமிழாக்கிச் சொன்னாள்
மொழிபெயர்க்கும் பெண்:
"காப்புறுதி இல்லாமல் காரோட்டியது குற்றம்.
ஒத்துக்கொள்கிறீரா?"

ஒத்துக்கொண்டேன்.
பிப்ரவரியிலேயே முடிந்தது தெரியும்.
முந்நூற்று எழுபது வெள்ளி
கையில் இருந்தது, ஒரே ஒரு ராத்திரி.
மறுநாள் சின்னவனின் பல்லுக்குப் போனது
என்று சொல்ல வாய் வந்தது.
யாரும் கேட்கவில்லை.

அபராதம் எண்ணூறு.
கட்டாவிட்டால் ஒரு மாதம் உள்ளே.
பன்னிரண்டு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது.

வாசலில் நிற்கிறது கஞ்சில்.
ஏறாத கண்ணாடி வழியே புகுந்து
பின்சீட்டில் கோழி அடைகாக்கிறது.
பதினோரு முட்டை.
விரட்ட மனமில்லை.

செம்பனை லோரிகள் புழுதியடிக்க
விடியுமுன் மில்லுக்கு நடக்கிறேன்.
இன்று தவக்குமார் நிறுத்தி ஏற்றிக்கொண்டான்.
என் கண்கள் எங்கே போகின்றன என்று பார்த்தவன்
சாலை வரி வில்லையைக் கட்டைவிரலால் மறைத்தான்.
"எனக்கும் போன மாசமே முடிஞ்சிருச்சுண்ணே."

சிரித்தான்.
நான் இறங்கவில்லை.

பீடோர் வளைவில்
சிவப்பும் நீலமுமாய் ஏதோ மினுங்க,
ஓட்டாத நான்
சீட் பெல்ட்டை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.