வடக்குச் சுவர்

லியபாயாவில், டிராம் முனகித் திரும்பும் மூலையில்,
நான்காவது மாடி.
சுவரில் இரண்டு சதுரம் அடித்துவைத்தேன்,
ஒவ்வொன்றும் ஒரு முழம்.
இடப்பக்கம் அம்பர், வலப்பக்கம் சுட்ட செங்கல்.
(இந்த ஊரில் சோப்புக்கும் அம்பர் என்று பெயர், சலூனுக்கும்.
நான் ட்ஸிந்த்ரா. அதற்கும் பொருள் அம்பர்தான்.
நடுவராக லாயக்கில்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.)

"செங்கல், காய்ந்த ரத்தம் மாதிரி இருக்கிறது" என்கிறாள் வெல்கா.
"அம்பர், மஞ்சள்காமாலை" என்கிறான் ஐவிஸ்.

மூன்று வாரம்.
ஆறிய பாலில் போல
டப்பாவுக்குள் ஆடை படர்ந்துவிட்டது.
சதுர மீட்டருக்குக் கூலி வாங்குகிறவளுக்கு
அடுத்தவர் யோசிக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது.
கூரையை முடித்தேன். கதவை முடித்தேன்.
பிறகு, வேறு வேலையில்லாமல், கவனித்தேன்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், இரவு ஷிப்ட்.
காலை ஏழுக்கு, இருட்டோடு வந்து
மேசை விளக்கைத் தட்டிவிட்டு
பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடி சுவரைப் பார்க்கிறான்.
அந்த நேரத்தில் செங்கல் கணகணவென்று
அடுப்புவாய் போல் இருக்கிறது.
அம்பருக்குச் சோகை.

அவள் பார்ப்பது நண்பகலில்,
அவன் அடுத்த அறையில் குறட்டை விடும்போது.
கழுவிய அரிசித் தண்ணீர் போன்ற பகல்.
அதில் அம்பர், ரொட்டியின் மேல்தோல்.
செங்கல் கறுத்துச் சுருங்கிப்போகிறது.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை.
சுவர் ஒன்று, அறை இரண்டு.
இதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை அவனுக்கு ஷிப்ட் இல்லை.
இரண்டு மணிக்கு எதிர்க்கட்டிடத்து ஜன்னல்
தனக்கு வந்த வெயிலில் கொஞ்சத்தை
இந்தப் பக்கம் தள்ளிவிட்டது.
கடன் வெயில், ஒன்பதே நிமிடம்.
மூவரும் நின்றோம்.
இடம் எது, வலம் எது என்று
எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.

ஐவிஸ் சுவரைப் பார்க்கவில்லை.
"உன் தலைமுடி எப்போதிலிருந்து இந்த நிறம்?"
"மார்ச்சிலிருந்து" என்றாள்.

வெயில் போய்விட்டது.
விளக்கைப் போட யாரும் எழவில்லை.
கீழே ஒரு டிராம், இன்னொரு டிராம்.

"நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள்" என்றாள் வெல்கா,
என் பக்கம் திரும்பாமலே.
நான் பிரஷ்ஷைப் பிழிந்து துடைத்தேன்,
ஏற்கெனவே சுத்தமாக இருந்த பிரஷ்ஷை.
என் வீட்டுச் சுவரில்
பதினோரு வருடமாக வெறும் ப்ரைமர்.
திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.